‘உலகில் வேறெங்கும் கிடையாது’: மலை உயிர்களைப் பற்றி இப்படிச் சொல்வதற்கு என்ன பொருள்?

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ போய்வந்தவர்கள் இந்த வாக்கியத்தை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள்: ‘இது இங்கே மட்டும்தான் இருக்கு, உலகத்துல வேற எங்கேயும் கிடையாது.’ வரையாட்டைக் காட்டிச் சொல்வார்கள். குறிஞ்சியைக் காட்டிச் சொல்வார்கள். கற்பூர மரத்தைக் காட்டியும் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் இதே வாக்கியத்தோடு ‘அரிய’, ‘அபூர்வ’, ‘அழிந்துவரும்’ என்று எல்லாச் சொற்களும் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறியதுபோல் வரும். அவற்றில் சில உண்மை, சில பாதி உண்மை, சில முழுத் தவறு.

சொல்லில் கொஞ்சம் தவறினால் என்ன என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஓர் உயிர் ஏன் ஒரு மலையில் மட்டும் இருக்கிறது என்று புரிந்துவிட்டால், அந்த மலையில் எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதும் கூடவே புரிந்துவிடும். அது புரியாததால்தான் நல்ல எண்ணத்தோடு செய்த காரியங்களே சில மலைகளைக் கெடுத்திருக்கின்றன. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அடிப்படை.

வட்டாரச் சொல் போல ஓர் உயிர்

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சில சொற்கள் உண்டு. நாகர்கோவில்காரர் சாதாரணமாகப் பேசும் ஒரு சொல்லைச் சென்னைக்காரர் கேட்டதே இருக்காது. அந்தச் சொல்லை அந்த வட்டாரத்தில் குழந்தை முதல் கிழவி வரை எல்லோரும் நாள் முழுக்கப் புழங்குவார்கள். அங்கே அது அரிய சொல் இல்லை. எல்லையைத் தாண்டினால் மட்டும் அது காணாமல் போய்விடும்.

உயிர்களிலும் அப்படித்தான். இயற்கையாக ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதிக்குள் மட்டும் வாழ்ந்து, அதற்கு வெளியே எங்கும் இல்லாத செடியையோ விலங்கையோ ஓரிடவாழ்வி என்கிறோம். ‘உலகில் வேறெங்கும் கிடையாது’ என்பதன் சரியான பொருள் இவ்வளவுதான். எத்தனை இருக்கின்றன, கண்ணில் எளிதாகப் படுமா, அழியும் நிலையில் இருக்கிறதா என்பதைப் பற்றியெல்லாம் இந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. அது சொல்வது முகவரி மட்டும்.

முகவரி என்றால் தெருவா, ஊரா, மாவட்டமா என்று கேட்க வேண்டும் அல்லவா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கேடயவால் பாம்பு என்று ஒரு குடும்பம் இருக்கிறது. மண்ணுக்குள் வாழும், விஷமற்ற, வால் நுனி கேடயம்போல் தட்டையாக முடியும் சிறு பாம்புகள். மழைக்காலத்தில் மலைச்சாலையில் வெளியே வந்தால் பார்த்தவர்கள் அடித்துவிடுகிறார்கள், பாவம். இந்தக் குடும்பம் முழுவதற்குமே முகவரி தீபகற்ப இந்தியாவும் இலங்கையும்தான். வரையாட்டின் முகவரி அதைவிடச் சின்னது: நீலகிரியிலிருந்து தெற்கே அகத்தியமலை, குமரி வரையிலான மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளும் பாறைச் சரிவுகளும். ஆக, ‘நீலகிரி வரையாடு’ என்று பெயர் இருப்பதால் அது நீலகிரியில் மட்டும் இருக்கிறது என்பது தவறு. வால்பாறை, மூணாறுப் பக்கம் போனவர்களுக்கு இது தெரியும்.

இன்னும் சுருங்கிக்கொண்டே போகலாம். தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய ஒரு புல்லைப் பயன்படுத்துகிறார்கள். எரியோகிரைசிஸ் ரங்காசாரி என்பது அதன் அறிவியல் பெயர். நீலகிரியின் உயரமான சதுப்புகளில் மட்டும் வளரும் புல் அது. 2010-ல் அறிவியலுக்கு அறிமுகமான ஒரு செந்நிறப் புதர்த்தவளையின் முகவரி ஆனைமுடிச் சிகரமும் அதை ஒட்டிய இரவிகுளம் உயர்நிலமும். ஒரே ஒரு மலைத்தலை, அவ்வளவுதான் அதன் உலகம்.

அதனால் யாராவது ‘இது ஓரிடவாழ்வி’ என்றால் உடனே ‘எந்த இடத்துக்கு?’ என்று கேளுங்கள். இடத்தைச் சொல்லாவிட்டால் அந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது.

அரியது வேறு, அழிந்துவருவது வேறு, உள்ளூர்க்காரர் வேறு

புலி அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு. ஆனால் எந்த ஒரு மலைக்கும் உரிய ஓரிடவாழ்வி அது இல்லை. இங்கிருந்து ரஷ்யாவின் பனிக்காடு வரை புலி உண்டு. குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் கம்பீரமாக நிற்கும் காட்டெருமையும் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. மறுபக்கம், நீலகிரி ஈப்பிடிப்பான் என்ற நீலக் குருவி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரிடவாழ்வி. ஆனாலும் ஊட்டியில் காலையில் கொஞ்சம் நடந்தாலே வேலிக்கம்பியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிடலாம். முகவரி சிறியது, ஆள் அரியவர் இல்லை.

‘உள்ளூர் இனம்’ என்ற சொல்லும் இதோடு குழம்பும். மனிதர் கொண்டுவந்து விடாமல் இயற்கையாகவே ஓரிடத்தில் இருப்பது உள்ளூர் இனம். யானை நீலகிரிக்கு உள்ளூர் இனம்தான். ஆனால் அசாமிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. ஓரிடவாழ்விகள் எல்லாம் உள்ளூர் இனங்கள். உள்ளூர் இனங்கள் எல்லாம் ஓரிடவாழ்விகள் இல்லை.

கற்பூர மரம் என்று நீலகிரியில் சொல்கிற யூகலிப்டஸ் இந்த இரண்டு வரிசையிலும் வராது. அது ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. சீகை மரம் என்று மலைக்காரர்கள் சொல்லும் வாட்டிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் அங்கிருந்துதான். சாலையோரம் பல வண்ணப் பூவோடு அடர்ந்திருக்கும் உண்ணிச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். சுற்றுலாப் பயணி ஊட்டியில் இறங்கிப் பார்க்கும் பச்சையில் பெரும்பகுதி இந்த வந்தேறிகளின் பச்சை. முதல் முறை இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது.

இதுவரை சொன்னதைத் திரட்டிக்கொள்வோம். ஓரிடவாழ்வி என்பது முகவரியைப் பற்றிய சொல். அரியது என்பது எண்ணிக்கையைப் பற்றியது. அழிந்துவருவது என்பது அந்த எண்ணிக்கை போகும் திசையைப் பற்றியது. மூன்றும் ஒரே உயிரிடம் சேர்ந்து வரலாம், தனித்தனியாகவும் வரலாம்.

சரி, ஓர் உயிர் ஏன் இப்படி ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடக்க வேண்டும்? கால் இருக்கிறது, சிறகு இருக்கிறது, விதையைக் காற்று தூக்கிப் போகிறது. பக்கத்து மலைக்குப் போனால் என்ன?

மலை உச்சி எப்படித் தீவாகிறது

கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டரில். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். மேட்டுப்பாளையத்தில் சட்டை வியர்வையில் ஒட்ட பஸ் ஏறியவர் குன்னூரில் சன்னலைச் சாத்துவதும் ஊட்டியில் ஸ்வெட்டரைத் தேடுவதும் இந்தக் கணக்கினால்தான். மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு டிகிரி மாறிவிடுகிறது. சமவெளியில் இவ்வளவு குளிரைத் தேடிப் போவதென்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும்.

நமக்கு ஸ்வெட்டர் இருக்கிறது. குளிருக்கும் மூடுபனிக்கும் பழகிய ஒரு தவளையை நினைத்துப் பாருங்கள். அதன் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், அந்தத் தோல் வழியாகவும் அது மூச்சுவிடுகிறது. அதற்குக் கோவைச் சமவெளியின் மே மாத வெயில், நீந்தத் தெரியாதவனுக்குக் கடல் மாதிரி. எதிரே ஆனைமலை கண்ணுக்குத் தெரிகிறது, அங்கே இதே குளிரும் ஈரமும் இருக்கின்றன, ஆனால் போய்ச்சேர வழியில்லை.

இப்படிச் சூடான சமவெளியால் சூழப்பட்ட குளிர்ந்த மலைத்தலைகளை வான்தீவு என்று சொல்கிறார்கள். தீவைக் கடல்நீர் சூழ்ந்திருக்கும், வான்தீவை வெப்பம் சூழ்ந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையருகிலிருந்து குமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளம். வரைபடத்தில் ஒரே சுவர்போல் தெரியும். ஆனால் 1,400 மீட்டருக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் வண்ணம் தீட்டிப் பார்த்தால் சுவர் உடைந்துபோகும். நீலகிரி ஒரு தீவு, ஆனைமலை–பழனி–மூணாறு சேர்ந்து ஒரு தீவு, தெற்கே அகத்தியமலை இன்னொன்று. அவற்றைச் சுற்றிச் சின்னஞ்சிறு திட்டுகள்.

பாலக்காட்டுக் கணவாயும் சிரிப்பான்களும்

இந்தத் தீவுகளுக்கு இடையே உள்ள மிகப் பெரிய ‘கடல்’ பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலையே இல்லாமல் சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல். தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியாகத்தான் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் வந்து வீசுகிறது. அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் அதனால்தான். நமக்கு ரயிலும் சாலையும் ஓடும் வசதியான வழி. குளிர்மலை உயிர்களுக்கோ அது தாண்ட முடியாத அகழி.

இதை அழகாகக் காட்டுவது சிரிப்பான் என்ற பறவை. சோலைக்காட்டு ஓரத்துப் புதர்களில் கூட்டமாகத் திரிந்து, பெயருக்கேற்பக் கிலுகிலுவென்று சிரிப்பதுபோல் கூவும். வயநாட்டுப் பக்கத்து மலையில் பாணாசுரச் சிரிப்பான், நீலகிரியில் நீலகிரிச் சிரிப்பான், கணவாய்க்குத் தெற்கே பழனிச் சிரிப்பான், அதற்கும் தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் அசம்புச் சிரிப்பான். ஒரே மாதிரியான நான்கு பறவைகள், ஒவ்வொன்றும் தன் தீவுக்குள். இவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, இவை இமயமலைப் பக்கத்துச் சிரிப்பான்களிலிருந்து வேறான ஒரு தனிப் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) என்று 2017-ல் ஆய்வாளர்கள் வகைப்படுத்தினார்கள். சிறகு இருந்தும் கணவாயைத் தாண்டவில்லை. அடர்ந்த புதருக்குள்ளேயே வாழ்ந்து பழகிய பறவைக்குத் திறந்த வெயில்வெளியில் முப்பது கிலோமீட்டர் பறப்பது நடக்கிற காரியம் இல்லை.

யானைகூட இதற்கு விலக்கு இல்லை என்பதுதான் என்னை அதிகம் வியக்க வைத்தது. நீலகிரி யானைகளும் கணவாய்க்குத் தெற்கே உள்ள ஆனைமலை யானைகளும் ஒரே சிற்றினம்தான், ஆனால் மரபணுவைச் சோதித்தால் இரண்டு தனிக் கூட்டங்களாகப் பிரிந்து தெரிகின்றன. எதற்கும் வழிவிடாத விலங்கு என்று நாம் நினைப்பதற்கே அந்த வாசல் ஒரு தடையாக இருந்திருக்கிறது.

பிரிவு எப்படிப் புதிய உயிரை உண்டாக்குகிறது

பிரிந்திருந்தால் மட்டும் வேறு உயிராகிவிடுமா? இதைப் புரிந்துகொள்ள மலையின் இரண்டு பக்கத்து மொழிகளையே எடுத்துக்கொள்ளலாம். தமிழும் மலையாளமும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. ஒரு காலத்தில் மலைக்கு இந்தப் பக்கத்தார் பேசியதும் அந்தப் பக்கத்தார் பேசியதும் நெருக்கமாகவே இருந்தன. இங்கே சில சொற்கள் வழக்கொழிந்தன, அங்கே சில புதிதாகச் சேர்ந்தன. இங்கே வினைமுற்றில் ‘வந்தான், வந்தாள்’ என்ற விகுதி நின்றது, அங்கே ‘வந்நு’ என்று சுருங்கியது. யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. சின்னச் சின்ன மாற்றங்கள் ஒரு பக்கம் நிகழ்ந்து மறுபக்கம் போய்ச்சேராமல் நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்தபோது இரண்டு மொழிகள் ஆகிவிட்டன.

உயிர்களில் சொற்களுக்குப் பதில் மரபணுக்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுவில் சிறு பிழைகள், மாற்றங்கள் நேரும். கூட்டங்கள் கலந்து இனப்பெருக்கம் செய்தால் அந்த மாற்றங்கள் எல்லாப் பக்கமும் பரவிக் கரைந்துவிடும். கலக்க வழியில்லாவிட்டால் வடக்கே நேர்ந்த மாற்றம் வடக்கேயே தங்கும், தெற்கே நேர்ந்தது தெற்கேயே. இதற்கு மேல், ஒவ்வொரு தீவின் குளிரும் மழையும் உணவும் எதிரியும் கொஞ்சம் வேறு. அந்தந்த இடத்துக்குப் பொருந்திய மாற்றம் உள்ளவை அதிகம் பிழைத்து அதிகக் குட்டி போடும். போதுமான காலம் கழிந்தபின் இரு கூட்டங்களும் மீண்டும் சந்தித்தாலும் ஒன்றை ஒன்று துணையாக ஏற்காது, அல்லது ஏற்றாலும் வாரிசு நிலைக்காது. அப்போது அவை இரண்டு சிற்றினங்கள். சிற்றினம் என்றால் தங்களுக்குள் இயல்பாக இனப்பெருக்கம் செய்து வளமான வாரிசை உண்டாக்கும் உயிர்களின் கூட்டம்.

தவளைகளிடம் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளை இனங்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் வேறெங்கும் இல்லாதவை. இங்குள்ள புதர்த்தவளைகளில் பலவற்றுக்குக் குளமே தேவையில்லை. ஈரமான இலையிலோ மண்ணிலோ முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, அரிசி மணி அளவில் முழுத் தவளையாகவே குஞ்சு வெளியே வரும். மூடுபனி ஓயாத மலையில் இது அருமையான ஏற்பாடு. அதே ஏற்பாடு அதை அந்த மூடுபனிக்குள்ளேயே கட்டியும் போட்டுவிடுகிறது. பள்ளத்தாக்கு ஒன்று குறுக்கே வந்தால் போதும், அந்தப் பக்கம் வேறு தவளை. காசித்தும்பைச் செடிகளின் கதையும் இதைப் போலத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் நூறு வகைக்குக் குறையாமல் இருக்கின்றன, பெரும்பாலானவை இந்த மலைக்கே உரியவை. அவற்றின் காய் வெடித்து விதையைத் தெறிக்க விடும், ஆனால் எவ்வளவு தூரம்? ஓரிரு மீட்டர்.

சுருக்கமாக: உயரம் குளிரைத் தருகிறது, குளிர் தீவை உண்டாக்குகிறது, தீவு கலப்பைத் தடுக்கிறது, மிச்சத்தைக் காலம் செய்கிறது.

பிறந்தவை, தங்கிப்போனவை

எல்லா ஓரிடவாழ்விகளும் இப்படி இங்கேயே பிரிந்து உருவானவை என்று நினைத்துவிடக் கூடாது. ஊரில் புதிதாக ஒரு வீடு கட்டிக் குடியேறியவர் ஒருவகை. ஊரே காலியாகிப் போனபின் தங்கிவிட்ட ஒரே ஒரு பழைய குடும்பம் இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு ஊதாத் தவளையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உப்பிய பலூன்போல் உடல், பன்றி மூக்குபோல் கூர்ந்த முகம், ஊதா நிறம். ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் இருந்து கறையான் தின்னும். மழை தொடங்கும்போது ஒன்றிரண்டு வாரம் மட்டும் இனப்பெருக்கத்துக்கு மேலே வரும். அதன் தலைப்பிரட்டைகள் வாயை உறிஞ்சான்போல் வைத்துக்கொண்டு பாயும் ஓடைப் பாறைகளில் ஒட்டிக்கொள்ளும். மலைவாழ் மக்களுக்கு அதைத் தெரியும் என்றாலும், அறிவியல் உலகத்துக்கு அது 2003-ல்தான் விவரிக்கப்பட்டது, எஸ்.டி. பிஜுவும் ஃப்ராங்கி போசியூட்டும் விவரித்தார்கள். அதன் மிக நெருங்கிய சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? இந்தியாவில் இல்லை. இந்தியப் பெருங்கடலில் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் உள்ள செஷல்ஸ் தீவுகளில். ஒரு காலத்தில் இந்தியா, மடகாஸ்கர், செஷல்ஸ் எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த நிலம். அது உடைந்து விலகியபோது இந்தத் தவளையின் முன்னோர் இந்தியாவோடு வந்துவிட்டார்கள். செஷல்ஸைத் தவிர மற்ற இடங்களிலிருந்த உறவெல்லாம் அற்றுப்போக, இந்த மலையின் ஈர மண் மட்டும் அவற்றைக் காப்பாற்றியது.

இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 2017-ல் இந்தத் தவளையின் இரண்டாவது சிற்றினம் மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் இருப்பது விவரிக்கப்பட்டது. ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மேற்குச் சரிவில் இருப்பது தென்மேற்குப் பருவமழைக்கு ஒட்டி மேலே வரும், கிழக்குச் சரிவில் இருப்பது வடகிழக்குப் பருவமழைக்கு வரும். மலைமுகட்டுக்கு இருபுறமும் மழை வெவ்வேறு மாதத்தில் பெய்வதே அவற்றைப் பிரித்துவைத்திருக்கிறது. இடத்தால் மட்டுமல்லாமல் நேரத்தாலும் பிரிவு வரும் என்று இதைக் கண்டபின் எனக்கு மழையைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது.

காட்டுப் பூவரசு என்று மலைக்காரர்கள் சொல்லும் சிவப்புப் பூ ரோடோடென்ட்ரானும் இப்படித் தங்கியதுதான். தென்னிந்தியாவின் உயர்மலைகளில் நிற்கும் அதற்கு, இலங்கை மலைகளை விட்டால் அடுத்த உறவு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இமயமலையில். பனிக்காலங்களில் குளிர் கீழே இறங்கியபோது குளிர்ப்பகுதிச் செடிகள் தெற்கே பரவி, மீண்டும் சூடானபோது மலைத்தலைகளில் மட்டும் ஒதுங்கிக்கொண்டன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

வரையாடு: ஆடா, எந்த ஆடு?

ஆங்கிலத்தில் வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள். தமிழில் இரண்டுமே ஆடு. வரையாட்டுக்குப் பெயர் வைத்தவர்கள் இதில் தெரியாமலே தப்பித்துவிட்டார்கள். ‘வரை’ என்றால் மலை, செங்குத்துப் பாறை; சங்கப் பாடல்களில் வரும் ‘வருடை’ இதுதான் என்பார்கள். வரையாடு இமயமலைத் தார் என்ற காட்டாட்டின் உறவு, வெள்ளாட்டுக் கூட்டம் என்றுதான் நீண்ட நாள் நம்பப்பட்டது. 2005-ல் வெளியான மரபணு ஆய்வு அதை மாற்றியது. வரையாடு செம்மறிக்கு நெருக்கம், இமயமலைத் தார் வெள்ளாட்டுக்கு நெருக்கம். ஆகவே வரையாட்டுக்கு நீல்கிரிட்ராகஸ் என்று தனிப் பேரினம் தரப்பட்டது. அந்தப் பேரினத்தில் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள், 2025 கணக்கெடுப்பில் 1,303. கேரளத்தையும் சேர்த்தாலும் மூவாயிரத்துக்குள்தான். இங்கே மூன்று சொற்களும் ஒன்றுசேர்கின்றன: முகவரியும் சிறிது, எண்ணிக்கையும் குறைவு, ஆபத்தும் உண்டு.

குறிஞ்சி ‘இந்த வருஷமும் பூத்துவிட்டது’ என்பது எப்படி?

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 1994, 2006, 2018 என்று பூத்தது; அடுத்தது 2030. ஒரு சரிவில் உள்ளவை எல்லாம் சேர்ந்து பூத்து, விதை போட்டு, அதோடு மடிந்துவிடும். மரம்போல் நின்று மறுபடி பூப்பதில்லை. இப்படி மொத்தமாக ஒரே ஆண்டில் விதை கொட்டுவதால், தின்னவரும் பூச்சியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் நிற்கும் என்பது இதற்கான பொதுவான விளக்கம். பழங்குடியினர் சிலர் குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என்று எண்ணி வயதைச் சொல்வதுண்டு.

நடுவில் வேறு ஆண்டுகளில் ‘குறிஞ்சி பூத்தது’ என்று செய்தி வருகிறதே என்பார்கள். குறிஞ்சிப் பேரினத்தில் பல பத்துச் சிற்றினங்கள் இந்த மலைகளில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. பார்க்க ஒன்றுபோலிருக்கும் வேறொன்று பூத்திருக்கும். அல்லது நீலக்குறிஞ்சியே வேறொரு சரிவில் வேறு ஆண்டில் தொடங்கிய கூட்டமாக இருக்கும். நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் சொந்தம் என்பதும் சரியில்லை, சேர்வராயன் மலையிலும் உண்டு. 2024-ல் அது, உயிர்களின் அழிவு ஆபத்தை வகைப்படுத்தும் உலகச் செம்பட்டியலில் ‘அழிய வாய்ப்புள்ளது’ என்ற வகையில் சேர்க்கப்பட்டது.

வெறும் புல் என்று நினைத்த இடம்

முதலில் சொன்ன கதைக்கு வருகிறேன். உயரமான மலைகளில் இரண்டு நிலங்கள் அடுத்தடுத்து இருக்கும். மடிப்புகளில், ஓடைக்கரையில் குட்டையான, பாசி படர்ந்த அடர்காடு, அதுதான் சோலை. அதைச் சுற்றிச் சரிவெங்கும் புல்வெளி. வெள்ளைக்காரர்கள் இந்தப் புல்வெளியைப் பார்த்து ‘தரிசு’ என்றார்கள். நம் காலத்திலும் பலர் ‘மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள் போல’ என்கிறார்கள். நீலகிரிச் சதுப்புகளில் அடியடியாகப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்தபோது, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் இங்கே புல்வெளி இருந்தது தெரிந்தது. கோடரி வருவதற்கு வெகுகாலம் முன்பே அது புல்வெளிதான்.

மரம் ஏன் அங்கே பரவவில்லை? குளிர்கால இரவுகளில் திறந்த சரிவில் உறைபனி விழும். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்ததுபோல் இருக்கும். சோலை மரத்தின் இளங்கன்று அதில் கருகிவிடும். புல்லின் வளர்நுனி தரையோடு ஒட்டி, அடர்த்தியான தூருக்குள் பத்திரமாக இருப்பதால் அது பிழைக்கிறது. சோலைக்குள் மரக்கூரை வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் அங்கே உறைபனி விழுவதில்லை, கன்றும் வளர்கிறது. இப்படி இரண்டும் அவரவர் எல்லையில் நின்றுவிட்டன.

இந்தப் புல்வெளியில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வரையாடு. நீலக்குறிஞ்சி. தோடர்களின் கூரைப்புல். நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை, அதற்கும் இந்தத் தென்மலைப் புல்வெளிகளைவிட்டால் வேறு இடமில்லை. சோலையைப் போலவே தனக்கென்று ஓரிடவாழ்விகள் உள்ள நிலம்.

அங்கே விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகித ஆலைக்கும் என்று கற்பூர மரமும் சீகையும் பைனும் ஏக்கர் ஏக்கராக நடப்பட்டன. அந்த அயல் மரங்கள் உறைபனியைத் தாங்கின, சீகை தானாகவே பரவவும் செய்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மலை பசுமையானதுபோல் தெரியும். நெட்டைக்காலிக்கு அது முகவரி பறிபோன இடம். ‘மலையில் மரம் நடுவோம்’ என்று இன்றும் நல்ல மனதோடு கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமும் பதற்றமும் சேர்ந்தே வருகின்றன. அவர்களிடம் நான் கேட்பதெல்லாம், நடப்போகும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஒரு தரம் விசாரியுங்கள் என்பதுதான். புல்லாக இருந்திருந்தால் குழி தோண்ட வேண்டாம். இப்போது வனத்துறையும் சில ஆர்வலர்களும் சீகையை அகற்றிப் புல்லை மீட்க முயல்கிறார்கள். கையால் புல் நாற்று நட்டு, களை எடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வேலை அது.

மேலே ஏற இடம் ஏது?

வான்தீவு என்றால் என்ன என்று புரிந்தபின் இது தானாகவே விளங்கும். பூமி சூடாகும்போது, குளிரைத் தேடும் உயிர்கள் மலையில் மெல்ல மேலே நகரும். 1,000 மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கை வைத்துப் பாருங்கள். ஒரு டிகிரி கூடினால் அதே குளிர் சுமார் 150 மீட்டர் மேலே போய்விடும். சரிவின் நடுவில் வாழும் உயிர் 150 மீட்டர் ஏறிக்கொள்ளலாம். ஆனால் மலை கூம்பு மாதிரி, ஏற ஏற நிலம் குறுகும். தொட்டபெட்டா 2,637 மீட்டரில் முடிந்துவிடுகிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த இடமான ஆனைமுடி 2,695 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அந்த உச்சியில்தான் 2010-ல் அறிமுகமான அந்தச் செந்நிறப் புதர்த்தவளை, புல்தூர்களின் அடியில், மூடுபனியில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கிறது.